அந்தியோகியாவில் கலைந்த பந்தி

முன்னுரை

நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், இம்மலருக்கு வரலாற்றுக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்தனர். நம் ஊர் வரலாற்றையும் நம் முன்னோர் வரலாற்றையும் பிறர் எழுதுவர் எனக் கருதி, நாம் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னர் மேற்காசியாவில் எழுந்த ஒரு வழக்கினை எடுத்துக்கொண்டோம். யூத மரபில் தோன்றிய இயேசுவின் அடியார் கூட்டத்தில் யூதரல்லாதார் எந்த நிபந்தனையின்பேரில் சேரலாம் என்பதே அவ்வழக்கு.

சமயப் பரப்புரை நம் நோக்கமன்று. நம் கழகத்தில் இந்துக்களும் கிறித்தவரும் பௌத்தரும் ஒருங்கே உறுப்பினராக உள்ளனர். அவர் அனைவர்க்கும் பயன்படும் பாடம் ஒன்று இவ்வரலாற்றில் உண்டு. ஒருவனைச் சேர்த்துக்கொள்வதாகச் சபையில் தீர்மானம் எழுதுவது எளிது. அவனோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதே அத்தீர்மானத்திற்குச் சோதனை என்பதே அப்பாடம்.

கல்லில் வெட்டிய தடை

கி.பி. 1871-ஆம் ஆண்டில் கிளெர்மோன் கன்னோ என்னும் பிரெஞ்சு அறிஞர் எருசலேம் நகரில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். கிரேக்க மொழியில் ஏழு வரிகள் கொண்ட அக்கல் இன்று இசுதான்புல் நகரத் தொல்பொருள் காட்சியகத்தில் உள்ளது. ஏரோது மன்னன் கி.மு. 20-ஐ ஒட்டிப் புதுப்பிக்கத் தொடங்கிய எருசலேம் ஆலயத்தில், வெளிமுற்றத்திற்கும் உள்முற்றத்திற்கும் நடுவே மூன்று முழ உயரத்தில் ஒரு கல்தடுப்பு இருந்தது. அத்தடுப்பில் ஆங்காங்கே பதிக்கப்பெற்றிருந்த எச்சரிக்கைக் கற்களுள் ஒன்றே இது. வேற்றினத்தார் எவரும் இதனைக் கடந்து உள்ளே வரலாகாது என்பதும், கடந்து பிடிபடுவோர் தமக்கு நேரும் சாவுக்குத் தாமே பொறுப்பாவர் என்பதும் அதன் கருத்து.

இதனைப் படிக்கும் நம் இளைஞர்க்கு நம் நாட்டுக் கோயில் வாயில்கள் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. நம் முன்னோரை வாயிலுக்கு வெளியே நிறுத்தியவர் நிலமும் அதிகாரமும் உடையவர். யூதரோ அன்று உரோமப் பேரரசின்கீழ் வரி செலுத்தி வாழ்ந்த சிறியதோர் இனத்தார். அவர்கள் எழுப்பிய தடுப்பு, ஆள்வோரிடமிருந்தும் பெரும்பான்மையோரிடமிருந்தும் தம்மைக் காத்துக்கொள்ள எழுப்பிய வேலியாகும். இதனை மனத்தில் கொள்ளாவிடின் இவ்வழக்கின் இருதரப்பு நியாயங்களும் நமக்கு விளங்கமாட்டா.

உயிர் கொடுத்துக் காத்த சட்டம்

மோசே வழியாகக் கடவுள் அருளியதாக யூதர் போற்றும் சட்டத் தொகுதியைத் தமிழ் விவிலியம் நியாயப்பிரமாணம் என வழங்கும். ஆண் மகவுக்கு எட்டாம் நாளில் செய்யும் விருத்தசேதனம், ஏழாம் நாள் ஓய்வு, உண்ணத் தக்கன தகாதன பற்றிய உணவு விதி ஆகிய மூன்றும் யூதரைப் பிற இனத்தாரிடமிருந்து பிரித்துக் காட்டின.

இவை வெறும் சடங்குகள் என்று நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. கி.மு. 167-ஐ ஒட்டிச் சிரியாவின் மன்னன் நான்காம் அந்தியோக்கு விருத்தசேதனத்தைத் தடை செய்தான். எருசலேம் ஆலயத்தில் வேற்றுத் தெய்வ வழிபாட்டைப் புகுத்தினான். மகவுக்கு விருத்தசேதனம் செய்வித்த தாய்மார் கொல்லப்பட்டனர் என்றும், பன்றியிறைச்சி உண்ண மறுத்த எலெயாசர் என்னும் முதியவர் அடித்துக் கொல்லப்பட்டார் என்றும் மக்கபேயர் நூல்கள் உரைக்கின்றன. யூதர் கிளர்ந்தெழுந்து கி.மு. 164-இல் ஆலயத்தை மீட்டனர். தம் பாட்டன்மார் உயிர் கொடுத்துக் காத்த அடையாளத்தைப் பேரர்கள் எங்ஙனம் எளிதாக விட்டுக்கொடுப்பர்?

யூதர், சட்டத்தைக் கைக்கொண்டு புண்ணியக் கணக்கு எழுதிக் கடவுளிடம் கூலி கேட்டவர் என்று ஐரோப்பியக் கிறித்தவ அறிஞர் நெடுங்காலம் எழுதிவந்தனர். அக்கருத்து பிழையானது என்பதை ஈ. பி. சாண்டர்ஸ் என்னும் அறிஞர் 1977-இல் வெளியிட்ட ஆய்வு நூல் விரிவாக எடுத்துக்காட்டியது. கடவுள் தம்மை முன்னரே தெரிந்தெடுத்தார் என நம்பிய மக்கள், அவ்வுறவுக்கு நன்றியாகவே சட்டத்தைக் கைக்கொண்டனர் என்பது அவர்தம் முடிவு. அடக்கப்பட்ட ஒரு மக்களைப் பற்றி அவர்தம் பகைவர் எழுதியதையே வரலாறென நம்பிவிடுதல் எத்துணைத் தீங்கு என்பதை நாம் நன்கறிவோம்.

வாயிலில் நின்றவர்

உரோமப் பேரரசின் நகரங்களில் யூதரின் செபக்கூடங்கள் பல இருந்தன. ஒரே கடவுள் வழிபாட்டினாலும் ஒழுக்க நெறியினாலும் ஈர்க்கப்பட்ட வேற்றினத்தார் பலர் அங்கு வந்து பின்வரிசையில் அமர்ந்து கேட்டனர். அவர்களுக்குத் தேவபக்தியுள்ளோர் என்று பெயர். ஆயின் அவர்களுள் பெரும்பாலோர் விருத்தசேதனம் செய்துகொண்டு முழு யூதராகவில்லை. வளர்ந்த ஆணுக்கு அது நோவும் இடரும் தருவதாயிற்றே.

இவர்களை என்செய்வது என்பதில் யூதரிடையேயும் ஒருமித்த கருத்தில்லை. மெசொப்பொத்தாமியப் பகுதியைச் சார்ந்த அதியபேனே நாட்டு மன்னன் இசாத்தேசு யூத நெறியை விரும்பினான். விருத்தசேதனம் இன்றியே கடவுளை வழிபடலாம் என்று அனனியா என்னும் யூத வணிகர் அவனுக்கு அறிவுரை கூறினார். பின்னர் வந்த கலிலேயா நாட்டு எலெயாசர் என்பவரோ, சட்டத்தைப் படித்தால் மட்டும் போதாது, அது சொல்வதைச் செய்தல் வேண்டும் என வற்புறுத்தினார். மன்னனும் உடன்பட்டான். முதல் நூற்றாண்டின் முற்பகுதியில் நிகழ்ந்த இச்செய்தியை யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதிவைத்துள்ளார். எனவே, பின்னர்க் கிறித்தவர் நடத்திய வாதம் யூத வீட்டுக்குள்ளேயே முளைத்த வாதம்தான்.

ஈண்டு ஒரு சொல் விளக்கம் தேவை. யூதரல்லாதாரைத் தமிழ் விவிலியம் புறஜாதியார் எனக் குறிக்கும். மூலத்திலுள்ள கிரேக்கச் சொல்லுக்கு மக்களினங்கள் என்பதே பொருள். பிறப்பால் தாழ்ந்தவர் என்ற பொருள் அதற்கில்லை. அப்புறஜாதியாருள் உரோமப் படைத்தலைவரும் உண்டு, செல்வரும் உண்டு, அடிமைகளும் உண்டு. சாதி என்னும் சொல் நம் மொழியில் வந்தமையால் நம்மவர் காதில் அது வேறுவிதமாக ஒலிக்கிறது.

பெயர் தெரியாதவர் திறந்த கதவு

இயேசு ஏறத்தாழ கி.பி. 30-இல் சிலுவையில் கொல்லப்பட்டார். அவருடைய முதல் அடியார் அனைவரும் யூதரே. கிரேக்க மொழி பேசிய யூத அடியாருள் ஒருவராகிய ஸ்தேவான் எருசலேமில் கல்லெறிந்து கொல்லப்பட்டபின், அவர்தம் தோழர்கள் பல ஊர்களுக்குச் சிதறி ஓடினர். அவ்வாறு ஓடியவருள் சீப்புரு தீவினரும் வட ஆப்பிரிக்கச் சிரேனே நகரினரும் ஆகிய சிலர் அந்தியோகியாவை அடைந்து, யூதரல்லாத கிரேக்கருக்கும் தம் செய்தியைக் கூறினர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் என்னும் நூல் தெரிவிக்கிறது. அவர்களுடைய பெயர்களை அந்நூல் கூறவில்லை. பேதுரு செசரியா நகரில் கொர்நேலியு என்னும் உரோமப் படைத்தலைவன் இல்லத்தில் உண்டு தங்கியதையும் அவனுக்குத் திருமுழுக்கு அளித்ததையும் அந்நூல் விரிவாக எழுதுகிறது. ஆயின் ஒரு பெருநகரில் கதவை அகலத் திறந்தவர் பெயர் தெரியாத அகதிகளே.

ஓரொண்டே ஆற்றங்கரையில் அமைந்த அந்தியோகியா, உரோம், அலெக்சாந்திரியா ஆகியவற்றுக்கு அடுத்த பெருநகராகும். கிறித்தவர் என்ற பெயர் முதன்முதல் வழங்கியது அங்கேதான். சீப்புரு தீவினராகிய பர்னபா அங்குச் சென்று, தர்சு பட்டணத்திலிருந்த பவுலையும் அழைத்துவந்து உடன் சேர்த்துக்கொண்டார். பவுல் பரிசேய நெறியில் பயின்றவர். முன்னர் இவ்வடியாரைத் துன்புறுத்தியவர். இருவரும் சீப்புருவிலும் சிறிய ஆசியாவின் உள்நாட்டு நகரங்களாகிய பிசீதியா நாட்டு அந்தியோகியா, இக்கோனியா, லீஸ்திரா, தெர்பை ஆகியவற்றிலும் வேற்றினத்தாரை விருத்தசேதனமின்றியே சேர்த்துக்கொண்டனர்.

எருசலேமில் எடுத்த முடிவு

யூதேயாவிலிருந்து அந்தியோகியாவுக்கு வந்த சிலர், விருத்தசேதனம் செய்துகொள்ளாதார்க்கு மீட்பில்லை என்று போதித்தனர். பெரும் பூசல் எழுந்தது. அதனைத் தீர்க்கப் பவுலும் பர்னபாவும், ஏறத்தாழ கி.பி. 48 அல்லது 49-இல் எருசலேமுக்குச் சென்றனர். தீத்து என்னும் கிரேக்க இளைஞரையும் பவுல் உடன் அழைத்துச் சென்றார். இது கருதிச் செய்த செயலாகும். வாதத்தைச் சொல்லால் மட்டும் வைக்காமல், உயிருள்ள ஒரு மனிதனையே முன்னிறுத்தி, இவனை ஏற்பீரா மறுப்பீரா என்று அவர் கேட்டார்.

இக்கூட்டத்தைப் பற்றி நமக்கு இரு சான்றுகள் உள. ஒன்று, பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதம். மற்றொன்று, சில பத்தாண்டுகள் கழித்து எழுதப்பட்ட அப்போஸ்தலர் நடபடிகள். இரண்டும் ஒரே கூட்டத்தைக் குறிப்பன என்பதே பெரும்பாலான அறிஞர் கருத்து. தீத்து விருத்தசேதனம் செய்துகொள்ளக் கட்டாயப்படுத்தப்படவில்லை என்றும், தூண்களாக எண்ணப்பட்ட யாக்கோபு, பேதுரு, யோவான் ஆகிய மூவரும் தமக்குக் கைகொடுத்து உடன்பாட்டை உறுதி செய்தனர் என்றும், எருசலேமின் ஏழைகளை நினைவிற் கொள்ளுமாறு மட்டுமே வேண்டினர் என்றும் பவுல் எழுதுகிறார். மற்றைய நூலோ, இயேசுவின் சகோதரராகிய யாக்கோபு நான்கு விலக்குகளை விதித்ததாகக் கூறுகிறது. உருவங்களுக்குப் படைத்தவை, இரத்தம், கழுத்து நெரித்துக் கொன்றவற்றின் இறைச்சி, முறைகேடான உடலுறவு ஆகியன அவை. யூதர் நடுவே குடியிருக்கும் அந்நியர்க்கென லேவியராகமம் என்னும் பழைய நூலில் சொல்லப்பட்ட விதிகளை இவை ஒத்திருக்கின்றன. பவுலின் கடிதங்களில் இந்நான்கு விலக்குகளும் ஒரு தொகுப்பாக எங்கும் குறிக்கப்படவில்லை.

எவ்வாறாயினும், விருத்தசேதனம் தேவையில்லை என்ற தீர்மானம் நிறைவேறிற்று. வழக்கு முடிந்தது என்று அனைவரும் எண்ணினர். உண்மையான சிக்கல் அதன்பிறகே தொடங்கியது.

கலைந்த பந்தி

அந்தியோகியாவில் யூத அடியாரும் வேற்றினத்து அடியாரும் ஒன்றாக அமர்ந்து உண்டனர். அக்காலத்தில் ஆண்டவர் பந்தி என்பது வெறும் அப்பத்துண்டும் மிடறு இரசமும் அன்று, முழு உணவே. அங்கு வந்த பேதுருவும் அப்பந்தியில் அமர்ந்து உண்டார். சிலநாள் கழித்து யாக்கோபிடமிருந்து சிலர் வந்தனர். அவர்களைக் கண்டதும் பேதுரு மெல்ல விலகினார்; தனியே உண்ணலானார். மற்ற யூத அடியாரும் அவரைப் பின்பற்றினர். பவுலோடு எருசலேம் சென்று வாதாடிய பர்னபாவும் எழுந்து போய்விட்டார்.

எவரும் தீர்மானத்தை மாற்றவில்லை என்பதை நாம் கவனித்தல் வேண்டும். வேற்றினத்தார் வெளியேற வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. அவர்கள் சபையில் இருக்கலாம், பாடலாம், செபிக்கலாம். பந்தி மட்டும் இரண்டாயிற்று. அவ்வளவே.

பவுல் அனைவர் முன்னிலையிலும் பேதுருவை எதிர்த்துப் பேசினார். யூதராயிருந்தும் நீர் வேற்றினத்தாரைப் போல் வாழ்ந்தீர். இப்போது அவர்களை மட்டும் யூதரைப் போல் வாழ வற்புறுத்துவது எங்ஙனம் தகும் என்பது அவர் கேள்வியின் சாரம். வற்புறுத்தல் என்ற சொல்லை அவர் ஆள்கிறார். பேதுரு வாயால் யாரையும் வற்புறுத்தவில்லை. எழுந்து போனார், அவ்வளவுதான். ஆனால் பெரியவர் எழுந்து போன பந்தியில் எஞ்சியிருப்பவன் என்ன எண்ணுவான்? முழு மதிப்பு வேண்டுமாயின் நானும் அவர்களைப் போல் மாறியாக வேண்டும் என்றுதானே எண்ணுவான்? சொல்லாமலே சொல்லும் அந்த வற்புறுத்தலைப் பவுல் கண்டுகொண்டார்.

யாக்கோபின் தரப்பையும் நாம் கேட்போம். அக்காலத்தில் யூதேயா கொதித்துக்கொண்டிருந்தது. பேரரசன் கலிகுலா கி.பி. 40-ஐ ஒட்டி எருசலேம் ஆலயத்தில் தன் சிலையை நிறுவ முயன்றான். கி.பி. 46-க்கும் 48-க்கும் இடையே கலிலேயனாகிய யூதாவின் மைந்தர் இருவரை உரோம ஆளுநன் சிலுவையில் அறைந்தான். அந்நியரோடு உறவாடும் யூதரைத் துரோகிகளென வெறுத்தோர் பெருகினர். அந்தியோகியாவில் பேதுரு உண்ணும் செய்தி எருசலேமை எட்டினால், அங்குள்ள எளிய அடியாரின் உயிர்க்கே தீங்கு நேரும் என்று யாக்கோபு அஞ்சியிருக்கலாம் என அறிஞர் சிலர் கருதுகின்றனர். அஞ்சியவர் அனைவரும் கோழையரல்லர். ஆயினும் அவ்வச்சத்தின் விலையைச் செலுத்தியவர் யார்? பேதுரு அல்லர்; யாக்கோபும் அல்லர். பந்தியில் விடப்பட்டவரே செலுத்தினர்.

இவ்வாதத்தில் பவுல் வென்றாரா? வென்றிருப்பின் அவர் அதனைச் சொல்லியிருப்பார். எருசலேமில் வென்றதைச் சொன்னவர் அந்தியோகியாவின் முடிவைச் சொல்லாமலே விடுகிறார். எனவே அன்று அவர் தோற்றார் என்பதே பல அறிஞர் முடிவு. அதன்பின் பர்னபாவைப் பிரிந்து சீலா என்பாருடன் மேற்கு நோக்கிச் சென்றார். அவ்விருவர் பிரிவுக்கு வேறொரு காரணத்தையும் நடபடிகள் நூல் கூறுகிறது.

ஒரே அளவுகோல்

கலாத்தியா நாட்டுச் சபைகளிலும் விருத்தசேதனத்தை வலியுறுத்துவோர் புகுந்தனர். அப்போது பவுல் சினம் பொங்க எழுதிய கடிதமே அந்தியோகியா நிகழ்ச்சியை நமக்குக் காத்துத் தந்தது. யூதன் கிரேக்கன் என்றும், அடிமை உரிமைக்குடிமகன் என்றும், ஆண் பெண் என்றும் உள்ள வேற்றுமைகள் சபையில் மதிப்பை அளக்கும் அளவுகோல் ஆகா என்பது அக்கடிதத்தின் உயிர்நாடி. ஆயினும் அடிமை முறையையே ஒழிக்குமாறு அவர் கேட்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். பிற்காலத்தில் அடிமை வாணிகர் அவர்தம் எழுத்தையே துணைக்கு அழைத்தனர். அடிமை முறையை எதிர்த்தோரும் அவரையே துணைக்கு அழைத்தனர்.

கி.பி. 51-ஐ ஒட்டிப் பவுல் கொரிந்துவில் இருந்தார். தெல்பி நகரில் கிடைத்த ஒரு கல்வெட்டு, அங்கு ஆளுநராயிருந்த கல்லியோனின் காலத்தைக் காட்டுவதால் இவ்வாண்டு நமக்கு உறுதியாகத் தெரிகிறது. கொரிந்துச் சபையில் இனத்தால் அன்றிச் செல்வத்தால் பந்தி பிளந்தது. ஓய்வுடைய செல்வர் முன்னதாக வந்து உண்டு குடித்தனர். வேலை முடிந்து வந்த ஏழைகள் பசித்திருந்தனர். இல்லாதவரை வெட்கப்படுத்தும் அவ்வுணவு ஆண்டவர் பந்தியே அன்று எனப் பவுல் கடிந்தெழுதினார்.

பேரரசன் கிளவுதியு, ஏறத்தாழ கி.பி. 49-இல் யூதரை உரோம் நகரிலிருந்து வெளியேற்றினான். அவன் கி.பி. 54-இல் இறந்தபின் அவர்கள் திரும்பினர். இதற்கிடையில் உரோமச் சபையில் வேற்றினத்தார் கை ஓங்கிவிட்டது. இறைச்சி உண்ணாது மரக்கறி உண்டும் சில நாள்களைப் போற்றியும் வந்தவரை அவர்கள் இகழலாயினர். இப்போது பவுல் மறுபுறம் திரும்பிப் பேசினார். உணவின் பொருட்டு உடன்பிறந்தானைப் புண்படுத்தாதே என்பது உரோமருக்கு அவர் எழுதிய அறிவுரை. அந்தியோகியாவில் யூதப் பெரியவரைக் கண்டித்தவர், உரோமில் யூத வழக்கம் உடையோர்க்காகப் பரிந்து பேசினார். முரண் போலத் தோன்றும் இதில் முரணில்லை. பந்தியில் யார் வலுவிழந்து நிற்கிறாரோ அவர் பக்கம் நிற்பதே அவர் கொண்ட அளவுகோல்.

மீண்டும் அக்கல்

எருசலேமின் ஏழைகளை நினைப்பதாக வாக்களித்த பவுல், கிரேக்க நாட்டுச் சபைகளில் பொருள் திரட்டிக்கொண்டு, ஏறத்தாழ கி.பி. 57-இல் எருசலேம் சென்றார். தான் சட்டத்தை இகழ்பவன் அல்லன் என்று காட்ட, யாக்கோபின் அறிவுரைப்படி ஆலயத்தில் தூய்மைச் சடங்கும் மேற்கொண்டார். அங்கேதான் அவரைப் பிடித்தனர். எபேசு நகரத்தானாகிய துரோப்பீமு என்னும் வேற்றினத்தானைத் தடுப்புக்கு உள்ளே அழைத்துச் சென்றார் என்பது அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம். 1871-இல் கண்டெடுக்கப்பட்ட கல் எந்தக் குற்றத்திற்குச் சாவை விதித்ததோ அதே குற்றம்! அவர் அவ்வாறு அழைத்துச் செல்லவில்லை. ஊரில் அவனோடு நடந்ததைக் கண்டவர் அவ்வாறு எண்ணிக்கொண்டனர் என்று நடபடிகள் நூல் கூறுகிறது. அன்று தொடங்கிய சிறைவாழ்வு அவரை உரோம் நகர்வரை கொண்டு சென்றது.

கி.பி. 62-இல் யாக்கோபும் தலைமைக் குரு அன்னா என்பவனால் கொல்லப்பட்டார். சட்டத்தில் பிடிப்புள்ள எருசலேம் யூதர் பலர் அக்கொலையை எதிர்த்து முறையிட்டனர் என்று யோசேப்பு எழுதுகிறார். கி.பி. 70-இல் உரோமப் படை ஆலயத்தை இடித்துத் தீக்கிரையாக்கியது. தடுப்பும் தகர்ந்தது, கல் மண்ணுக்குள் புதைந்தது.

கதவு மறுபுறம் திரும்பியது

இதன்பின் நிகழ்ந்ததையே நம் இளைஞர் ஊன்றிப் படித்தல் வேண்டும். வேற்றினத்தார் பெருகினர், யூத அடியார் சிறுபான்மையாயினர். கி.பி. 150-க்குப் பின் யுஸ்தீன் என்னும் கிறித்தவ அறிஞர் எழுதிய நூலில், சட்டத்தைக் கைக்கொள்ளும் யூத அடியாரோடு பழகவும் விருந்துண்ணவும் மறுக்கும் கிறித்தவர் உளர் என்று குறிப்பிடுகிறார். தாம் அவர்களோடு உடன்படவில்லை என்றும் சொல்கிறார். ஏறத்தாழ நூறாண்டில் பந்தி தலைகீழாயிற்று! அன்று விடப்பட்டவரின் வழிவந்தோர் இன்று விலகி எழுந்தனர்.

கி.பி. 386-387-இல், அதே அந்தியோகியா நகரில், யோவான் கிறிசோஸ்தோம் என்னும் பெரும் சொற்பொழிவாளர், யூதரின் திருநாள்களுக்குச் சென்றுவந்த கிறித்தவரைக் கண்டித்து எட்டுப் பேருரைகள் ஆற்றினார். யூதரைப் பற்றி அவற்றில் உள்ள வசைமொழிகள் பின்வந்த நூற்றாண்டுகளில் பகைக்கு எண்ணெய் வார்த்தன. கி.பி. 1215-இல் உரோமில் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம், யூதர் உடையால் வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்று விதித்தது. உடையால் ஒருவனை அடையாளப்படுத்துவது என்னவென்று நம்மவர்க்கு விளக்கவேண்டியதில்லை.

தமிழகத்தில் இவ்வழக்கு

இவ்வாதம் நம் மண்ணுக்கும் வந்தது. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, 1718-இல் அங்குப் புதிய எருசலேம் ஆலயத்தைத் திறந்தார். அத்திருச்சபையில் வெள்ளாளரும் பறையரும் தனித்தனியே அமரும் வழக்கம் இருந்தது. பெயர் புதிய எருசலேம், தடுப்போ பழையது. 1733-இல் ஆரோன் என்னும் வெள்ளாளர் அச்சபையின் முதல் தமிழ்ப் போதகராக்கப்பட்டார். பறையர் குலத்தில் தோன்றிய இராசநாயக்கன் என்னும் உபதேசியார் நெடுங்காலம் சிறப்பாகப் பணியாற்றியவர். ஆயினும் 1741-இல் அடுத்த போதகரைத் தெரிந்தெடுத்தபோது அவர் விடப்பட்டார். அவர் கையால் நற்கருணை பெற வெள்ளாளர் இசையார் என்பதே காரணம்.

1833-இல் பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமையை அறவே விடவேண்டும் எனச் சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் எதிர்த்தனர். சாதி சமயத்தைச் சார்ந்ததன்று, வெறும் உலக வழக்கமே என்பது அவர்தம் வாதம். 1850-இல் சென்னை மிஷனரி மாநாட்டினர், எக்குலத்தார் சமைத்த உணவையும் உடனிருந்து உண்பதே சாதியை விட்டதற்குச் சான்று எனத் தீர்மானித்தனர். லைப்சிக் லுத்தரன் மிஷன் இதற்கு உடன்படவில்லை. அந்தியோகியாவின் கேள்வியே ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகள் கழித்துச் சென்னையில் எழுந்தது.

உடனுண்ணல் ஒன்றே போதுமா? போதாது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-இல் வெளியிட்ட சாதி ஒழிப்பு பற்றிய நூலில் எடுத்துரைத்தார். சமபந்தி உணவால் சாதி உணர்வு சாகவில்லை என்பதும், கலப்பு மணமும் சாதிக்கு அரண் செய்யும் சாத்திர நம்பிக்கையைத் தகர்த்தலுமே வழி என்பதும் அவர் முடிவு. பந்தி முதற்படியே, ஆயினும் முதற்படியில் கால் வையாதவன் மாடி ஏறுதல் எங்ஙனம்?

முடிவுரை

நாம் ஆசிரியராக முதன்முதல் பணியேற்றது ஒரு சிற்றூர்ப் பள்ளியில். சத்துணவு நேரத்தில் பிள்ளைகள் அனைவரும் ஒரே வரிசையில் அமர்ந்தனர். மூத்த ஆசிரியர் ஒருவர் அதனைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். சமத்துவம் பற்றி விடுதலை நாள் விழாவில் அவர் பேசினால் கண்ணீர் வரும். ஆனால் ஊர்ப் பெரியவர்கள் பள்ளியைக் காண வரும் நாளில் மட்டும், நம் தெருப் பிள்ளைகளைத் தாழ்வாரத்தின் மறுகோடியில் அமருமாறு கண்ணாலேயே குறிப்புக் காட்டுவார். பிள்ளைகளும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போவர். அவர் தீயவர் அல்லர். அஞ்சினார், அவ்வளவே. நாமோ அத்தெருவிலேயே பிறந்தவர். பணி புதிது என்பதை எண்ணி வாய் திறவாது நின்றோம். பேதுருவைக் குறை கூறும்போதெல்லாம், ஓசையின்றி எழுந்து போன பர்னபாவின் முகம் நமக்குத் தெரிகிறது. அம்முகம் நம் முகமாகவே இருக்கிறது.

இளைஞர்காள்! நம் கழகத்தின் உதவியால் படித்து அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் நீங்கள் இடம் பெற்றுள்ளீர்கள். அவ்விடத்தைப் பெற்றுத்தந்த தீர்மானங்களையும் சட்டங்களையும் காப்பது உங்கள் கடமை. ஆயின் அதனோடு நில்லாதீர். ஒரே அலுவலகத்தில் பந்தி இரண்டாகும்போது, பவுல் கேட்டதைப் போல் அனைவர் முன்னிலையிலும் கேளுங்கள்.

இறுதியாக ஒன்று. நம் இல்லத் திருமணப் பந்திகளை நாமே ஒருமுறை நோக்குவோம். நமக்கும் கீழானவர் என்று நம்முள் சிலர் எண்ணும் உடன்பிறந்தார், துப்புரவுத் தொழில் செய்யும் குடும்பத்தார், அங்கே எந்த வரிசையில் அமர்கின்றனர்? நம் மாணவர் விடுதியில் அவர்தம் பிள்ளைகளுக்கு எத்தனை இடம் தந்துள்ளோம்? அந்தியோகியாவில் விடப்பட்டவரின் வழிவந்தோர் ஏறத்தாழ நூறாண்டில் பிறரை விடுபவராயினர். நம் கழகத்திற்கு இப்போது இருபத்தைந்து ஆண்டுகளே ஆகியுள்ளன. பந்தியை இன்றே சரிசெய்துகொள்வோம்.